பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணிக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு கிராமத்துக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவன் நான். முப்பத்து நாலு வருஷம் தமிழ் வாத்தியாராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை தோட்ட வேலைக்குப் போகாதவர்கள், விளக்கு வைத்ததும் பிள்ளைகளை வீட்டு ஜெபத்துக்கு உட்கார வைக்கிறவர்கள் நாங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்களைப் பழமைவாதிகள் என்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் சபைகளில் மதியம் 12 மணியிலிருந்து 3 மணி வரை மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் ஆண்டவர் பேசிய ஏழு வார்த்தைகளைத் தியானிப்போம். முந்தின நாள் இரவிலிருந்தே சாப்பிடாத கிழவிகள் வெள்ளைச் சேலையில் வந்து தரையில் உட்கார்ந்திருப்பார்கள். போன முறை எங்கள் சபைப் போதகரான ஐயர் முதல் வார்த்தையை வாசிக்க வாயெடுத்தார். அதே நேரம் தெருக்கோடியில் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது. டாஸ்மாக் கடையும் 12 மணிக்குத்தான் திறக்கும். காந்தி ஜெயந்திக்கும் வள்ளுவர் தினத்துக்கும் மகாவீரர் ஜெயந்திக்கும் மிலாது நபிக்கும் மதுக்கடைக்கு விடுமுறை உண்டு. பெரிய வெள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. அன்று ஒரு நாள் மூடுங்கள் என்று கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. மறுநாள் திறப்பார்கள் என்றால் அந்த ஒரு நாளை வைத்து நான் என்ன செய்ய?

கிராமப்புறத்தில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் 100 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது என்பது விதி. மனுக் கொடுத்தோம். டேப் பிடித்து அளந்தார்கள். கோயில் வாசலிலிருந்து 112 மீட்டர் வந்தது. "விதிப்படி சரியாகத்தான் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். குடித்தவன் 112 மீட்டருக்கு அந்தப் பக்கமே நின்றுகொள்வானா? கோயில் சுற்றுச்சுவர் ஓரத்தில் கிடக்கிற பிளாஸ்டிக் கப்புகளை ஞாயிறு காலையில் கோயில் ஊழியரான கோயில்பிள்ளை கூட்டி அள்ளுகிறார்.

டிசம்பர் பிறந்துவிட்டால் எல்லாக் கட்சிக்காரர்களும் எங்களிடம் வருகிறார்கள். கேக் வெட்டுகிறார்கள், சிறுபான்மை மக்களுக்கு அரணாக இருப்போம் என்கிறார்கள். எங்களுக்குப் பயம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். உத்தரப் பிரதேசத்தில் 2021 இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. ராஜஸ்தானில் 2025 இல் வந்தது. வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்கவே யோசிக்க வேண்டிய நிலைமை அங்கே. அப்படி ஒரு சட்டம் இங்கே வரக்கூடாது என்று நானும் ஜெபிக்கிறேன். ஆனால் அந்தப் பயத்தைச் சொல்லியே எங்கள் வாக்கை வாங்கிக்கொள்கிறவர்கள், எங்கள் பிள்ளைகளைக் குடிக்கு வாரிக் கொடுத்துவிட்டோமே என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

இந்த இடத்தில் எங்கள் குற்றத்தையும் சொல்ல வேண்டும். 2002 இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது எங்கள் சபையே தெருவுக்கு வந்தது. வெயிலில் ஊர்வலம் போனோம், உபவாசம் இருந்தோம். 2004 இல் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டபோது ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். இடையில் 2003 நவம்பரில் அரசே சில்லறையாகச் சாராயம் விற்க ஆரம்பித்தது. அதற்கு எங்கள் சபையிலிருந்து ஒருவர்கூடத் தெருவுக்கு வரவில்லை. நானும் போகவில்லை. வாயில்லாமல் போனது அன்றைக்குத்தான்.

என் அப்பா பனையேறி. விடியுமுன் ஏறி, சாயங்காலமும் ஏறிப் பாளை சீவுவார். அரிவாள் பெட்டியோடு ஒரு சின்னச் சுண்ணாம்புப் பெட்டியும் இடுப்பில் இருக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார். தடவாவிட்டால் பதனி புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்குக் கூடுதல் காசு கிடைக்கும் என்று அவருக்கும் தெரியும். கள் இறக்கினவனுக்கு அந்தக் காலத்துச் சபையில் நற்கருணை கிடையாது. அம்மா பதனியைக் கருப்பட்டியாகக் காய்ச்சி விற்றுத்தான் என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினாள். 1987 முதல் தடையில் இருக்கிற கள்ளை மறுபடி அனுமதிக்க வேண்டும் என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். பனையேறிகளின் வறுமை எனக்குத் தெரியாததல்ல. பதனிக்கும் கருப்பட்டிக்கும் நல்ல விலை கொடுங்கள், பனையேறிக்குக் காப்பீடு கொடுங்கள். என் அப்பா தடவிய சுண்ணாம்பைத் துடைத்துவிட்டுத்தான் அவர்களை வாழவைக்க முடியும் என்று சொல்லாதீர்கள்.

இன்று கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் வேனில் பாட்டில் திறக்கிறார்கள். பெண் வீட்டாருக்கும் தெரியும், ஐயருக்கும் தெரியும். கேட்டால், கானாவூர்க் கலியாணத்தில் ஆண்டவரே திராட்சரசம் உண்டாக்கினாரே என்று என்னிடம் வசனம் சொல்லுகிறார்கள். அயலானுக்குக் குடிக்கக் கொடுத்து அவனை வெறிக்கச் செய்கிறவனுக்கு ஐயோ என்று ஆபகூக் தீர்க்கதரிசி சொல்லியிருப்பதையும் அவர்கள் வாசிக்க வேண்டும். அந்த 'ஐயோ' பாட்டில் வாங்கித் தருகிற மாமனுக்கும் பொருந்தும், கடை நடத்துகிற அரசாங்கத்துக்கும் பொருந்தும்.

என் தம்பி மகன் லாரி ஓட்டினான். ஈரல் கெட்டு முப்பத்தெட்டு வயதில் போனான். கடைசியாக ஐயர் வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்தபோது, கிண்ணத்தை வாங்கக் கையை நீட்டினான். கை நடுக்கத்தில் அது வாய்க்கு வந்து சேரவில்லை. ஐயர் அவன் தலையைத் தாங்கிப் பிடித்து, தன் கையாலேயே கிண்ணத்தை அவன் உதட்டில் வைத்தார். அவன் மனைவி இப்போது தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறாள். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அவளுக்கு வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. அவன் கடைசி வருஷத்தில் நாளொன்றுக்கு இருநூறு ரூபாய்க்குக் குறையாமல் அந்தக் கடையில் கொடுத்தான்.

2016 தேர்தலில் தி.மு.க. மதுவிலக்கு என்றது, அ.தி.மு.க. படிப்படியாக மதுவிலக்கு என்றது. அந்த ஆண்டு 500, அடுத்த ஆண்டு 500, 2023 இல் 500 என்று கடைகளை மூடினார்கள். 2023-24 இல் மதுவால் அரசுக்கு வந்த வருமானமோ 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லி, 2015 இல் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர்விட்டார் காந்தியவாதி சசிபெருமாள். சபைகள் நிறைந்த மாவட்டம் அது. சேலத்திலிருந்து ஒருவர் வந்து சாகும்வரை நாம் எங்கே இருந்தோம் என்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன அக்டோபர் 2 கிராம சபையில் கடையை அகற்றத் தீர்மானம் போட்டோம். முதல் கையெழுத்து அம்மன் கோயில் தர்மகர்த்தாவுடையது, அடுத்தது என்னுடையது. அன்றைக்குக் கடைக்கு விடுமுறை. மறுநாள் 12 மணிக்குத் திறந்துவிட்டார்கள். ஜனவரி 26 கிராம சபையில் மறுபடியும் கொண்டுவரப் போகிறோம். சுற்றுவட்டாரத்துச் சபைகளின் ஐயர்மாரும் சபை மூப்பர்களும் தங்கள் ஊர்க் கிராம சபைகளில் இதே தீர்மானத்தைக் கொண்டுவர வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். தீர்மான வாசகம் வேண்டுபவர்களுக்கு என் கைப்படவே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தூத்துக்குடி மாவட்டம்.