வாழ்த்துரையைச் சுருக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வட்டார ஓவியர்களின் வார இறுதிச் சந்திப்பு பற்றிய செய்தி படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் இத்தகைய நிகழ்ச்சிகளில் வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை முடியவே பாதி நாள் போய்விடுகிறது. பயிற்சிப் பட்டறைக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். நீர்வண்ணத்துக்கு அது எந்த மூலைக்கு? மெல்லிய தாள் என்றால் நனைத்துப் பலகையில் ஒட்டி, விறைப்பாகக் காய்ந்த பிறகுதான் தூரிகையைத் தொடலாம். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அடுத்ததைப் பூசினால் ஓரங்கள் கலங்கிவிடும். காத்திருக்கத் தெரிவதுதான் அதில் பாதி வித்தை. அதற்கே நேரம் இல்லை.

உரைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. உபயோகமாகப் பேசலாமே! அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு போன்ற சில நிறங்கள் வெளிச்சத்தில் நாளடைவில் வெளுத்துவிடும். படத்தை வாங்கியவர் அப்போது திட்டுவது ஓவியரைத்தான். எந்த நிறம் நிற்கும், படத்துக்கு எப்படி விலை வைப்பது என்பதை மூத்தவர்கள் சொன்னால் இளையவர்கள் குறிப்பெடுப்பார்கள்.

அப்புறம், பட்டறைக்கு அளவாக ஆட்களைச் சேர்த்தால் போதும். பின்வரிசைக்குப் பயிற்சி தருபவரின் முதுகு மட்டுமே தெரிகிறது. என்ன தாள், என்ன தூரிகை கொண்டுவர வேண்டும் என்பதையும் அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நீர்வண்ண ஓவியர் ஒருவர்