இங்ரிட் என்றே வையுங்கள்

அன்பு மகளுக்கு,

நலம். குழந்தைக்கு இங்ரிட் என்று பெயர் வைக்கப்போவதாக நீ சொன்னதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். உன் அத்தைக்கு வாயில் நுழையவில்லையாம். நுழையாத வாய்க்காகப் பெயரை மாற்றாதே. மாப்பிள்ளையின் பாட்டி பெயர் என்கிறாய். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது நமக்கும் பழகியதுதானே!

நானும் சும்மா இருக்கவில்லை, தேடிப் படித்தேன். 'இங்' என்பது நார்வே, சுவீடன் பக்கத்து மக்களின் பழைய சாமியான ஃப்ரேயரின் இன்னொரு பெயர். மழை, வெயில், விளைச்சல் எல்லாம் அவர் பொறுப்பு. துணி மாதிரி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளும் கப்பல் ஒன்று அவரிடம் இருந்ததாம். பின்பாதிக்கு 'அழகு' என்று பொருள். சாமியும் அழகும் சேர்ந்த பெயரில் என்ன குறை?

எனக்குப் பிடித்தவள் இங்ரிட் யில்வா. 13ஆம் நூற்றாண்டு சுவீடன்காரி. அவள் மகன் பிர்கர் யார்ல் நாட்டையே கையில் வைத்திருந்தவர். பேரன் வால்டெமார் 1250இல் அரசனானான். தன் தலை நிமிர்ந்திருக்கும்வரை தன் வம்சம்தான் ஆளும் என்று சொல்லி, பியேல்பு ஊர்த் தேவாலயக் கோபுரத்துத் தூணுக்குள் தன்னை நின்றபடியே புதைக்கச் செய்தாளாம். கதைதான். ஆனாலும் செத்த பிறகும் உட்காரமாட்டேன் என்ற அந்தப் பிடிவாதம், சரி, உன் பாட்டியைப் பார்த்தவர்களுக்குப் புதிதில்லை.

நடிகை இங்ரிட் பெர்க்மனை உன் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். 1915இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர், மூன்று ஆஸ்கர் வாங்கியவர். அப்போது ஐந்து வயதாக இருந்த சுவீடன் இளவரசியின் பெயரைத்தான் அவருக்கு வைத்தார்களாம். அந்த இளவரசி பின்னால் டென்மார்க்கின் ராணியானார்.

நீங்கள் இருக்கும் நார்வேயின் இளவரசி விஷயம்தான் சுவாரசியம். இங்ரிட் அலெக்சாண்ட்ரா, 2004 ஜனவரி 21இல் பிறந்தவள். ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்கே பட்டம் என்று நார்வேயில் 1990இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன்பே பிறந்துவிட்டதால் அவள் அத்தை மூத்தவராக இருந்தும் தம்பிக்குத்தான், அதாவது இவள் அப்பாவுக்குத்தான், உரிமை போனது. இவளுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அப்பாவுக்குப் பிறகு இவள்தான். 1412இல் இறந்த ராணி மார்கரெட்டுக்குப் பிறகு நார்வேயை ஒரு பெண் ஆளப்போவது அப்போதுதான். ராணுவச் சேவையையும் வடக்கே பனியில் முடித்துவிட்டாளாம்.

அங்கே கடைசி 'ட்' காதில் விழாது, 'இங்ரி' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அத்தையிடம் அதைச் சொன்னேன். "இங்ரி" என்று அவரும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிறந்து ஆறு மாதத்துக்குள் பெயரைப் பதிய வேண்டுமாமே, உன் வழக்கம்போலக் கடைசி நாள்வரை இழுக்காதே. அப்பா வெள்ளிக் காப்பு செய்யக் கொடுத்திருக்கிறார். உள்பக்கம் பெயர் பொறிக்க எழுத்து கேட்கிறார் ஆசாரி. நான் 'ட்'டும் சேர்த்தே கொடுக்கிறேன், கூப்பிடும்போது விட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அம்மா