ஞாயிறு சந்திப்பு: தூண்டில் ரீலைத் தேய்க்காமல் கொண்டு வாருங்கள்
பழைய தூண்டில் சாமான்கள் சேகரிக்கும் நண்பர்களே, வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு வழக்கமான கூடத்தில் சந்திக்கிறோம். பொருள் மாற்றிக்கொள்வது இந்த முறை மதியத்துக்கு மேல்தான், ஏனென்றால் போன தடவை கதவைத் திறந்ததுமே பேரம் சூடுபிடித்து, அடையாளம் பார்க்கும் மேசையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த மேசைக்குத் தூண்டில் நரம்பு சுற்றும் பித்தளை ரீல் கொண்டுவருபவர்கள் தயவுசெய்து பளபளவென்று துலக்கிவிடாதீர்கள். கறுத்த அந்தப் படலம்தான் பழசுக்குச் சாட்சி, அது போனால் மதிப்பும் போச்சு, தேய்க்கத் தேய்க்கத் தயாரிப்பாளர் முத்திரையும் மழுங்கிவிடும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். மரத்தில் செதுக்கிய பொய் இரை என்றால் கண்ணாடிக் கண்ணா, வண்ணம் தீட்டிய கண்ணா, முள்ளைப் பிடித்திருக்கும் உலோகத்துண்டு எந்த வடிவம் என்று பார்த்து வையுங்கள், காலத்தைக் கணிக்க அதுவே பாதி வேலை. கிழிந்திருந்தாலும் அட்டைப்பெட்டியையும் எடுத்து வாருங்கள். அப்புறம், இந்தக் காலத்து மென்பிளாஸ்டிக் இரைப் புழுக்களை இவற்றோடு ஒரே பெட்டியில் போடவே போடாதீர்கள், பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும்.

மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த தூண்டில் கோல்களை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட வேண்டாம், பழைய பசை சூட்டில் விட்டுப்போகும்.

பேச்சு ஒன்றுதான்: கரண்டி இரை, அதாவது கரண்டி வடிவில் செய்த உலோகப் பொய் இரை. 1852-ல் அமெரிக்காவில் ஜூலியோ பியூல் காப்புரிமை வாங்கியதிலிருந்து தொடங்குகிறோம்.

மேசை வேண்டுபவர்கள் வியாழனுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள். முள் முனைகளில் தக்கைத்துண்டு செருகியிருக்க வேண்டும், குழந்தைகளும் வருவார்கள்.