தீனிப்பையைப் பார், கடிகாரத்தைப் பிறகு பார்

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

கையால் ஊட்டி வளர்க்க நீ கடையில் வாங்கிய இரண்டு கிளிக்குஞ்சுகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு மாதக் குஞ்சு என்றாராம். இல்லையம்மா. ஒரு மாதம் ஆகியிருந்தால் வால் சுண்டுவிரல் நீளத்தை எட்டியிருக்கும். இவற்றுக்குப் பாதிகூட இல்லை. இறக்கைக்கு அடியில் இன்னும் சாம்பல் நிறப் பஞ்சு தெரிகிறது. மூன்று வாரம், மிஞ்சிப்போனால் 24 நாள். கூண்டில் லவ் பேர்ட்ஸ் என்று எழுதி ஒட்டியிருந்தாலும் இவை பட்ஜி என்ற சின்ன ஆஸ்திரேலியக் கிளிதான். லவ் பேர்ட் ஆப்பிரிக்கக் கிளி, வால் குட்டை.

கையால் ஊட்டினால்தான் பழகும் என்பது வியாபாரப் பேச்சு. தாயும் தகப்பனும் ஊட்டி வளர்த்து, 6 வாரத்தில் வீட்டுக்கு வரும் குஞ்சைத் தினமும் கையில் எடுத்தால் அதுவும் இதே அளவு பழகும். அதனால் நாளைக்கே கடைக்காரரிடம் கேள்: தாய் தகப்பன் ஜோடியும் மற்றக் குஞ்சுகளும் இன்னும் கூட்டில் இருக்கின்றனவா? இருந்தால் கொண்டுபோய் விடு. ஓரிரு நாள் இடைவெளி என்றால் பெரும்பாலும் தாய் ஏற்றுக்கொண்டு ஊட்டும். மூன்று வாரம் கழித்துப் போய் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வழியில்லை என்றால்தான் இனி எழுதுவது உனக்கு.

முதலில் தீனிப்பை, அதாவது விழுங்கிய தீனி தங்கும் பை, எது என்று கண்டுபிடி. கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தில் இருக்கும். இந்த வயதில் இறகு அங்கே முழுதாக மூடியிருக்காது. ஈர விரலால் இறகை ஒதுக்கிவிட்டு விளக்கொளியில் பார்த்தால், மெல்லிய தோலுக்கு உள்ளே கிடக்கும் மாவின் நிறமே தெரியும். காலியாக இருக்கும்போது தோல் தளர்ந்து நெஞ்செலும்போடு ஒட்டிக் கிடக்கும். நிறைந்தால் ஒரு கோலிக்குண்டு அளவுக்குப் புடைக்கும். ஆனால் தொட்டால் கோலி மாதிரிக் கல்லாக இருக்கக் கூடாது. தண்ணீர் பாதி நிரப்பிய பலூன் போல மெத்தென்று இருக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் இதைப் பார்த்த பிறகுதான் மாவுப் பாக்கெட்டைத் தொடு. ஏறக்குறையக் காலியாகியிருந்தால் ஊட்டு. பாதி நிறைந்திருந்தால் மணி ஆகிவிட்டதே என்று மேலே ஊற்றாதே, அரை மணி நேரம் பொறு. ஒரு நாளில் ஒரு தடவையாவது, அதாவது காலையில், அது சுத்தமாக வற்றியிருக்க வேண்டும். குரல் கொடுக்கிறது, கத்துகிறது என்பதெல்லாம் கணக்கில்லை. பட்ஜி வயிறு நிறைந்தாலும் கத்தும்.

இப்போதைக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை: காலை 6, 10.30, மாலை 3, இரவு 8.30. நாலு வாரம் முடிந்தால் 6, 2, 9 என்று மூன்று வேளை. ஐந்தாவது வாரம் முடிந்தபின் காலையும் இரவும். அப்புறம் இரவு மட்டும். ஆக உன் பள்ளி நேரத்தோடு மோதுவது அந்த 10.30 ஒன்றுதான், அதுவும் ஒரு வாரத்துக்கு. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, காற்றுத் துளை போட்ட பெட்டியில் ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய் ஓய்வு நேரத்தில் ஊட்டிவிடு. பக்கத்து வீட்டில் ஒப்படைப்பதானால், அவர்கள் உன் கண் முன்னால் இரண்டு வேளையாவது ஊட்டிக் காட்டிய பிறகுதான்.

மாவு, கிளிக்குஞ்சுக்கென்றே விற்கும் மாவாக இருக்கட்டும். குழந்தைகளின் தானிய மாவும் பால் மாவும் வேண்டாம். பாலில் இருக்கும் சர்க்கரையைப் பறவைக்குச் செரிக்கத் தெரியாது, தானியத்தில் புரதமும் சுண்ணாம்பும் போதாது. கொதித்து ஆறிய தண்ணீரில், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்கு. பதம் தக்காளி சோஸ் மாதிரி: கரண்டியைச் சாய்த்தால் வழிய வேண்டும், சொட்டுச் சொட்டாகத் தெறிக்கக் கூடாது. சூடு 39 முதல் 41 டிகிரி. கையில் விட்டுப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது, மெல்லிய தெர்மாமீட்டர் ஒன்று வாங்கு. 38-க்குக் கீழே போனால் குஞ்சு வாயைத் திருப்பிக்கொள்ளும், உள்ளே போனதும் செரிக்காமல் தேங்கும். 43-ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்துவிடும். வெந்தது அன்றைக்குத் தெரியாது. சில நாள் கழித்து நெஞ்சில் பொருக்குத் தட்டி, அது விழுந்த ஓட்டை வழியாக மாவு ஒழுகும்போதுதான் தெரியும். அதனால் மைக்ரோவேவ் கூடவே கூடாது. மேலே வெதுவெதுப்பாக இருக்கும், நடுவில் கொதித்துக் கிடக்கும். சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் மாவுக் கிண்ணத்தை வைத்து, ஊட்டும் வரை சூட்டைப் பிடித்து வை. மிச்சத்தைக் கொட்டிவிடு. நம் வெக்கைக்குக் கலந்த மாவு இரண்டு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். பாக்கெட்டைத் திறந்ததும் காற்றுப் புகாத போத்தலில் போட்டுக் குளிர்பெட்டியில் வை. பட்ஜி ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. 1840-ல் ஜான் கூல்டு இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுபோன பிறகுதான் அது உலகம் முழுக்கக் கூண்டுக்கு வந்தது. நம் ஊர் ஈரத்தில் பூக்கும் பூஞ்சைக்கு அதன் உடம்பு பழக்கப்பட்டதில்லை. மாவு, தானியம் எதிலாவது மக்கல் வாடை வந்தால் பார்க்காமல் எறி.

அளவு, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. கேக் செய்பவர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் தராசு போதும், ஒரு கிராம் காட்டினால் சரி. காலை 6 மணிக்குத் தீனிப்பை காலியாக இருக்கும்போது நிறுத்து, நோட்டில் எழுது. 30 கிராம் இருந்தால் ஒரு வேளைக்கு 3 மில்லி. முதல் இரண்டு வேளை 2 மில்லியோடு நிறுத்திக்கொள். உனக்கும் குஞ்சுக்கும் பழகட்டும்.

சிரிஞ்சா, கரண்டியா என்று கேட்டிருந்தாய். கரண்டி. காப்பிக் கரண்டியின் இரு ஓரத்தையும் குறட்டால் மேல்நோக்கி மடித்தால் சின்ன ஓடம் மாதிரி ஆகிவிடும். அதன் நுனியை அலகின் ஓரத்தில் வைத்துச் சாய்த்தால் குஞ்சே உறிஞ்சிக்கொள்ளும், வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளும். சிரிஞ்சில் வேகம் உன் கையில், கரண்டியில் அதன் வாயில். கடைக்காரர்கள் உலோகக் குழாயைத் தொண்டைக்குள் விட்டு ஒரே அழுத்தில் முடிப்பார்கள். நீ அதைக் கனவிலும் நினைக்காதே, தீனிப்பையைக் குத்திவிடும். பின்னால் சிரிஞ்சுக்கு மாறினால் 1 மில்லி சிரிஞ்சு வாங்கு, ஊசி இல்லாமல். உள்ளே இருக்கும் ரப்பர் இறுகி விக்கி விக்கி நகர்ந்தால் அன்றைக்கே தூக்கி எறி. விக்கும் ரப்பர் திடீரென்று விடும், அரை மில்லி ஒரே பாய்ச்சலாகப் போகும்.

அது எங்கே போகும் என்பதுதான் பயம். குஞ்சு வாய் திறக்கும்போது நாக்கின் அடிப்பக்கம் கவனி. ஒரு சின்னத் துளை திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழல். உணவுக்குழல் அதற்குப் பின்னால், பறவையின் வலப்பக்கமாக இறங்குகிறது. அதனால் சிரிஞ்சின் நுனியை அதன் இடது வாய்க்கோணத்தில் வைத்து, வலப்பக்கம் பார்த்துச் சாய்க்க வேண்டும். அது உன்னைப் பார்த்து நின்றால் உன் வலக்கைப் பக்கம் அதன் இடது. மேசையில் துண்டு விரித்து நிற்க வை. இடக்கையின் இரு விரலால் தலையின் இரு புறமும் லேசாக அணைத்துக்கொள். கழுத்தை இறுக்காதே. தலையை மேலும் கீழும் ஆட்டி விழுங்கும்போது மட்டும் ஊட்டு, ஆட்டம் நின்றால் நீயும் நிறுத்து. மூக்குத் துளையில் மாவுக் குமிழி வந்தாலோ, இருமல் போல் க்ளிக் க்ளிக் என்று சத்தம் வந்தாலோ, உடனே விட்டுவிடு. தலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, டிஸ்யூவால் ஒற்றி எடு. மூச்சு சீராகவில்லை, வால் மூச்சோடு சேர்ந்து ஆடுகிறது என்றால் மருத்துவர்தான்.

முடிந்ததும் அலகையும் நெஞ்சையும் வெதுநீர்ப் பஞ்சால் துடை. காய்ந்த மாவு சிமெண்டு மாதிரி ஒட்டி இறகைப் பிய்க்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி. கழுவி, கொதிநீர் ஊற்றிக் காயவை.

காலை ஆறு மணிக்குத் தீனிப்பை வற்றவில்லை என்றால் மாவு கொடுக்காதே. குஞ்சைச் சூடாக வை. வெதுநீர் அரை மில்லி, துளித் துளியாக. விரல் நுனியால் மெதுவாக உருட்டிவிடு. இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்காவிட்டால், வாயில் புளித்த வாடை அடித்தால், தலையில் வாந்தி ஒட்டியிருந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வளர்ப்பு மீன் கடையில் விற்கும் ஆண்டிபயாட்டிக்கைக் கரைத்து ஊற்றாதே. அது பூஞ்சையை இன்னும் வளர்க்கும். பல கிளினிக்கில் நாயும் பூனையும் மட்டும்தான் பார்ப்பார்கள். உன் பக்கத்தில் லாபிஸிலோ சிகாமட்டிலோ பறவை பார்ப்பவர் யார் என்று இந்த வாரமே போன் செய்து வைத்துக்கொள், அவசரம் வந்தபின் தேடாதே.

பெட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, அதன்மேல் டிஸ்யூ. வழவழப்பான தரையில் வளர்ந்தால் கால்கள் இரு பக்கமும் விரிந்துவிடும், பிறகு நிமிராது. உன் வீட்டுப் பகல் வெப்பமே இவற்றுக்குப் போதும், மின்விளக்கெல்லாம் வேண்டாம். மழை இரவில் மட்டும் சுடுநீர்ப் போத்தலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில் வை, வேண்டுமானால் விலகிப் போக இடம் விடு. வாய் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடலிலிருந்து தள்ளிப் பிடித்தால் சூடு அதிகம். இரண்டும் ஒட்டிக்கொண்டு உடம்பைப் புடைத்து உட்கார்ந்தால் குளிர். மின்விசிறிக் காற்று நேரே படக் கூடாது.

எறும்பு வரும். மாவு வாசனைக்குக் கட்டாயம் வரும். பெட்டி இருக்கும் மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்து, தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரை. இல்லையென்றால் எறும்பைத் தடுக்கப் போய் ஏடிஸ் கொசுவை வளர்ப்பாய். டிங்கிக்குப் புகையடிக்க வருவதாக அறிவிப்பு வந்தால், வண்டி வருவதற்கு முன்பே பெட்டியோடு காரில் ஏறிப் போய்விடு. வீட்டுக்குள் மூடி வைத்தால் போதும் என்று நினைக்காதே. கொசுவர்த்தி, ஸ்ப்ரே, சாம்பிராணி மூன்றும் அந்த அறையில் வேண்டாம். நான்ஸ்டிக் சட்டி அடுப்பில் காய்ந்து புகைந்தால், அந்தப் புகை நமக்கு லேசான தலைவலி, பட்ஜிக்கு நிமிடக் கணக்கில் மரணம். புகைமூட்டக் காலத்தில் ஜன்னலை மூடு.

நீ இருப்பது செம்பனைக்கு நடுவில். எலிக்காகத் தோட்டத்தில் ஆந்தைப் பெட்டி வைத்திருப்பார்கள். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். ஐந்தடி உயரத்தில் கூண்டு வைத்தால் போதாது, இரவில் வீட்டுக்குள்தான். வேலி ஓரத்தில் விளைந்த புல் கதிரைப் பறித்துக் கொடுக்காதே. பாராகுவாட்டை 2020 ஜனவரியிலிருந்து நாட்டில் தடை செய்துவிட்டார்கள், மற்றக் களைக்கொல்லிகள் அடிப்பது நிற்கவில்லை. இன்னொன்று: நீ கிளி வளர்ப்பது தெரிந்தால் மாணவர்கள் பட்ட மரப் பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சைக் கொண்டுவந்து, "டீச்சர், இதையும் வளர்த்துக் கொடுங்க" என்று நிற்பார்கள். வாங்காதே. பட்ஜியை வளர்க்கலாம், அது கூண்டிலேயே இனப்பெருக்கமாகி வருவது. தோட்டத்துப் பச்சைக்கிளி 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறையின் அனுமதியில்லாமல் வைத்திருந்தால் வழக்கு உன்மேல்தான் வரும்.

நாலு வாரம் ஆனதும் தரையிலேயே தினைக்கதிர் ஒன்றைப் போடு. தட்டையான மூடியில் தினை, சாமை, பனிவரகு, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். முதலில் மிதித்து விளையாடும், பிறகு கொறிக்கும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவது: பட்ஜி தானியத்தை உரித்து உமியை அதே தட்டில் விடும். தட்டு நிறைந்தாற்போலத் தெரியும், உள்ளே வெறும் உமி. தினமும் ஊதிப் பார். எச்சமும் காட்டிக்கொடுக்கும். சாப்பிடுகிற குஞ்சின் எச்சம் திரண்டு, வெள்ளைப் பொட்டோடு இருக்கும். சாப்பிடாததன் எச்சம் சிறுத்து, கரும்பச்சையாக ஒட்டும். பட்டினி போட்டால் தானாகக் கொறிக்கும் என்பவர் பேச்சைக் கேட்காதே. இந்தக் காலத்தில் எடை பத்தில் ஒரு பங்கு வரை இறங்கலாம், அதற்கு மேல் இறங்கினால் விட்ட வேளையைத் திரும்பக் கொடு. இரவு வேளையைக் கடைசியில் நிறுத்து. 6 வாரத்தில் ஒன்று நிறுத்தும், மற்றது 8 வாரம் வரை இழுக்கும். அது பரவாயில்லை.

கூண்டுக் கம்பி இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். உட்காரக் கொய்யாக் கிளை வெட்டிப் போடு, பால் மரக் கிளை வேண்டாம். கணவாய் ஓடு ஒன்று தொங்கவிடு. சவிக் கீரை, முருங்கைக் கீரை கழுவிக் கொடுக்கலாம். அவகாடோ, சாக்லேட், காப்பி, உப்புப் பண்டம் எதுவும் ஆகாது.

பழக்குவதற்கு 5-லிருந்து 8 வாரம் நல்ல காலம். ஒவ்வொன்றாகத் தனியே எடுத்துப் பத்து நிமிடம் பேசு. இரண்டையும் சேர்த்தே எடுத்தால் ஒன்றுக்கொன்று துணையாகிவிடும், நீ தீனி போடும் ஆளாகிவிடுவாய். பெயர் வைக்க அவசரப்படாதே: அலகுக்கு மேலே உள்ள சதை முழுக்க ஊதா கலந்த ரோஸ் நிறமென்றால் பையன், மூக்குத் துளையைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் பெண். உன் நீல நிறக் குஞ்சு எனக்குப் பெண்ணாகத்தான் தெரிகிறது.

தொட்டபின் கையை சோப்புப் போட்டுக் கழுவு. காய்ச்சலோடு இருமல் வந்தால் கிளினிக்கில் கிளி வளர்ப்பதை மறக்காமல் சொல்.

நாளைக் காலை 6 மணிக்கு, ஊட்டுவதற்கு முன், இரண்டின் எடையும் தீனிப்பைப் படமும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. விளக்கை பக்கவாட்டில் பிடித்து எடு, நேரே பிடித்தால் நிழல் விழாது, புடைப்புத் தெரியாது.

அப்பா