பூவுக்கு மட்டுமல்ல, இலைக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடி பிறந்ததும் நாற்றுப் பண்ணைகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சென்ற வாரம் நானும் போயிருந்தேன். வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வர என்ன செடி வைக்கலாம் என்று ஓர் இளம் தம்பதி கேட்க, கடைக்காரர் அடுக்குச் செம்பருத்தியையும் உண்ணிச்செடியையும் எடுத்துக் கொடுத்தார். அங்கே சொல்லத் தயங்கியதை இங்கே எழுதுகிறேன்.

அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்களே இதழ்களாகிவிட்டன. தேன்சிட்டுக்கு ஐந்து இதழ் நாட்டுச் செம்பருத்திதான் ஏற்றது. என் வீட்டுச் செடிக்குக் காலை ஆறரை மணிக்கே ஒரு சிட்டு வந்துவிடும். பூவின் முகப்புக்கே போகாது. காம்புப் பக்கம் அலகால் துளையிட்டுத் தேனை உறிஞ்சும். உண்ணிச்செடியில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்ப்பது உண்மைதான். ஆனால் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த அந்தச் செடிதான் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புதராக மண்டிப் புல்லை முளைக்கவிடாமல் செய்கிறது. பழம் தின்னும் பறவைகளே அதன் விதையைப் பரப்புகின்றன. அதற்குப் பதில் இட்லிப்பூ வையுங்கள். வேலியில் ஏற்ற ரங்கூன் மல்லி போதும்.

பூ மட்டும் போதாது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் வரும் வண்ணத்துப்பூச்சி, முட்டையிடத் தன் புழுக்கள் தின்னும் இலையைத்தான் தேடும். கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வேண்டும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கு. ரோஜா அழகி என்ற இனத்துக்கு ஆடுதின்னாப்பாளை அல்லது ஈஸ்வரமூலிக் கொடி.

எங்கள் குடியிருப்பின் சுற்றுச்சுவர் ஓரம் ஆடுதின்னாப்பாளை தானாகப் படர்ந்திருந்தது. கருஞ்சிவப்புப் புழுக்கள் பதினொன்றை எண்ணிவைத்திருந்தேன். மறுநாள் துப்புரவு என்ற பெயரில் அத்தனையையும் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். கறிவேப்பிலை மரத்துக்கும் மருந்து அடித்தார்கள். பறவை எச்சம் போல் இலைமேல் ஒட்டியிருந்த குட்டிப் புழுக்கள் அன்று மாலையே உதிர்ந்துகிடந்தன. இன்னும் எனக்கு மனம் ஆறவில்லை.

அந்தக் கொடியின் நஞ்சை உண்டு வளர்வதால் ரோஜா அழகியைப் பறவைகள் தொடுவதில்லை. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் பல, ரோஜா அழகியைப் போலவே சிவப்புப் புள்ளி உடையை அணிந்து பறவைகளை ஏமாற்றித் தப்பிக்கின்றன. சுவரோரக் கொடி ஒன்றைப் பிடுங்கினால் ரோஜா அழகி குறைந்து, அதன் வேடத்தில் தப்பிக்கும் கறிவேப்பிலை மரத்துப் பூச்சிக்கும் காவல் போய்விடுகிறது. தேன்சிட்டும் தன் குஞ்சுகளைப் பெரும்பாலும் பூச்சியையும் சிலந்தியையும் ஊட்டித்தான் வளர்க்கிறது. கூட்டைக்கூடச் சிலந்தி நூலால்தான் கட்டுகிறது. மருந்து அடித்த தோட்டத்தில் அது எதைக் கொண்டு குடும்பம் நடத்தும்?

ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015-இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு வரும் குழந்தைகள், வீட்டிலும் பூச்சி வளர்க்க ஆசைப்பட்டுத்தான் திரும்புகிறார்கள். அந்த வாசலிலேயே இட்லிப்பூ, ஆவாரை, ஈஸ்வரமூலி நாற்றுகளைக் குறைந்த விலைக்குக் கொடுக்க வனத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும். தனியார் நாற்றுப் பண்ணையினரும் கேட்பார் இல்லை என்று ஒதுக்காமல், ஒரு வரிசையாவது நம் மண்ணின் செடிகளுக்கு ஒதுக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.