டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விடுபட்ட பதக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1965, 1971 போர்க்காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர்கள் மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் இன்னும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் பலருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் (பணி முடிந்து வரும்போது தரும் பணிப் பதிவுப் புத்தகம்) பதக்கங்களுக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது, அல்லது ஒன்றிரண்டு பெயரோடு நின்றுவிடுகிறது. இதைத் திருத்த வழி உண்டு. ஆனால் "எனக்குச் சேர வேண்டிய எல்லாப் பதக்கங்களையும் வழங்கக் கோருகிறேன்" என்று மொட்டையாக எழுதப்படும் மனு, "ஆவணங்களின்படி நடவடிக்கைக்கு இடமில்லை" என்ற பதிலோடுதான் திரும்பும். பதிவு எந்த இடத்தில் அறுந்தது என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

ஒரு சிப்பாய்க்குப் பதக்கத் தகுதி வந்தால் அவர் இருந்த யூனிட் பார்ட் டூ ஆர்டர் (சிப்பாயின் பணி விவரங்களைப் பதியச் சொல்லும் ஆணை) போட வேண்டும். அது அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகமான ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய், அங்கே உள்ள அவருடைய பணிப் பதிவேடான ஷீட் ரோலில் ஏறும். பணி முடியும்போது ஷீட் ரோலைப் பார்த்து டிஸ்சார்ஜ் புத்தகம் எழுதப்படும். விடுபடுவதும் இந்த வரிசையில்தான் எங்கோ நடக்கிறது. ஷீட் ரோலில் இருந்து புத்தகத்தில் மட்டும் இல்லை என்றால் அது எழுத்தர் வேலை, எளிதில் தீரும். பார்ட் டூ ஆர்டர் வந்தும் ஷீட் ரோலில் ஏறவில்லை என்றால் அந்த ஆர்டரின் எண்ணும் தேதியும் வேண்டும். ஆர்டரே போடப்படவில்லை என்றால்தான் சிக்கல். அந்தத் தேதிகளில் அந்த இடத்தில் அவர் பணியில் இருந்தார் என்பதை முதலிலிருந்து நிறுவ வேண்டியிருக்கும்.

யார் மீதும் பிழை இல்லாமலே விடுபடுவதும் உண்டு. போர் முடிந்த கையோடு யாரும் பதக்கத்தைக் குத்திவிடுவதில்லை. அரசு அறிவித்து, தகுதி விதிகள் வந்து, யூனிட்கள் பட்டியல் போடுவதற்குள் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். சுதந்திரப் பொன்விழாப் பதக்கத்துக்கு 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்திருக்க வேண்டும். அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற்றவருக்குத் தகுதி உண்டு. ஆனால் ஆர்டர் வருவதற்கு முன்பே அவருடைய புத்தகத்தை எழுதி முடித்திருப்பார்கள். 1972-ன் வெள்ளிவிழாப் பதக்கத்திலும் இதே கதைதான்.

ஆகவே மனுவில் பதக்கத்தின் பெயரைத் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். 1965-க்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971-க்குக் கிழக்கு முனை என்றால் பூர்வி ஸ்டார், மேற்கு என்றால் பஸ்சிமி ஸ்டார். சங்கிராம் மெடல் இன்னும் பரந்த வட்டத்துக்கு வழங்கப்பட்டது என்பதால் ஸ்டார் கிடைக்காதவரும் அதற்குத் தகுதி பெற்றிருக்கலாம். சாமான்ய சேவா மெடலையும் சைன்ய சேவா மெடலையும் ஒன்றென்று நினைத்து எழுதுகிறார்கள். முன்னது படை நடவடிக்கைகளுக்கு உரியது. பின்னது கடுங்குளிர், மலை, எல்லைப் பகுதிகளில் ஆற்றிய பணிக்கு உரியது. இரண்டிலும் பதக்க நாடாவின் மேல் ஒரு கிளாஸ்ப் (எந்த இடம் அல்லது நடவடிக்கை என்று பெயர் பொறித்த பட்டை) இருக்கும். மெடல் பெயர் இருந்து கிளாஸ்ப் பெயர் இல்லாவிட்டாலும் பதிவு குறைதான். அதையும் கேட்க வேண்டும். 9 ஆண்டு, 20 ஆண்டு நீண்ட சேவைப் பதக்கங்களை மறந்தே போகிறவர்கள் உண்டு. அதிகாரி கொடுத்த கமென்டேஷன் கார்டு (பாராட்டு அட்டை) பதக்கம் ஆகாது. அதை இதே பட்டியலில் சேர்த்தால் மனு முழுவதும் குழம்பும்.

அதிகம் விடுபடுகிறவர்கள் அட்டாச்மென்டில், அதாவது வேறு யூனிட்டோடு தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டு, போனவர்கள். காலாட்படை யூனிட்டோடு சேர்ந்து போன இ.எம்.இ. (இயந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவு) மெக்கானிக், சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் பிரிவு) ஆபரேட்டர், மருத்துவப் படை நர்சிங் உதவியாளர் போன்றோர். யூனிட் தன் ஆட்களுக்குப் பட்டியல் போடும்போது இவர்கள் பெயர் நழுவிவிடும். இவர்களுடைய ஆவணமும் அந்த ரெஜிமென்டின் ரெக்கார்ட் ஆபீசில் இருக்காது. ரெக்கார்ட் ஆபீஸ்கள் இருக்கும் இடம்: மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்குச் செகந்திராபாத், மருத்துவப் படைக்கு லக்னோ. எந்த யூனிட்டோடு போரில் இருந்தாலும் சொந்தப் பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்குத்தான் எழுத வேண்டும். அட்டாச்மென்ட் யூனிட்டின் பெயரையும், போன தேதி, திரும்பிய தேதியையும் மனுவின் உள்ளே சொல்ல வேண்டும். கடற்படையினருக்கு மும்பை மான்கூர்டும், விமானப்படையினருக்கு டெல்லி சுப்ரோதோ பார்க்கும் முகவரி.

எண் மாறியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாயப் சுபேதார் ஆனதும் ஜே.சி. (ஜூனியர் கமிஷன்) எண் புதிதாக வரும். பழைய எண்ணில் போட்ட ஆர்டர் புதிய எண்ணோடு சேராமல் தனியே கிடக்கும். இரண்டு எண்களையும், கடைசியில் வரும் ஆங்கில எழுத்தோடு எழுதுங்கள். ஓய்வுக்குப் பிறகு டி.எஸ்.சி.யில் (பாதுகாப்புத் துறைக் காவல் படை) சேர்ந்தவர்களுக்கு அங்கே வேறு எண், ரெக்கார்ட் ஆபீஸ் கண்ணூரில். முதல் பணிக்காலத்துப் பதக்கத்தைக் கண்ணூரிடம் கேட்டுப் பயனில்லை.

நம் டெல்டாவுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. பழைய புத்தகங்களில் எல்லாம் தஞ்சாவூர் ஜில்லாதான். 1991-ல் நாகப்பட்டினம், 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை என்று பிரிந்த பிறகு ஆதாரில் வேறு மாவட்டம். நன்னிலத்துக்காரரின் புத்தகத்தில் தஞ்சாவூர், ஆதாரில் திருவாரூர். புத்தகத்தில் மாயவரம், ஆதாரில் மயிலாடுதுறை. பெயரும் அப்படியே: கோவிந்தசாமியை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம், இனிஷியல் முன்னால் ஓரிடம், பின்னால் ஓரிடம், தகப்பனார் பெயர் முழுதாக வேறோரிடம். மனுவில் பெயர், ஊர், தாலுகா எல்லாம் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இப்போதைய பெயரையும் முகவரியையும் அதன் கீழே தனி வரியில் கொடுத்து, இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் கையொப்பமிட்ட பிரமாணப் பத்திரத்தை இணைத்தால் போதும். பெயர்த் திருத்தத்தையும் பதக்கத்தையும் ஒரே மனுவில் கேட்டால், முதலாவது முடியும் வரை இரண்டாவதைத் தொடமாட்டார்கள்.

மனுவோடு டிஸ்சார்ஜ் புத்தகத்தின் வெற்றுப் பக்கங்கள் உட்பட எல்லாப் பக்கங்களின் நகல், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) நகல், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை நகல் ஆகியவை வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக அனுப்பி, ஒரு பிரதியை நேரடியாக ரெக்கார்ட் ஆபீசுக்கும் விரைவு அஞ்சலில் அனுப்புவது நல்லது. அசல் புத்தகத்தை முதல் மனுவோடு அனுப்பவே கூடாது. பதிவு செய்வதற்காக எழுத்து மூலம் கேட்ட பிறகு, பக்கம் பக்கமாக நகல் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள். கஜா புயலிலும் வெள்ளத்திலும் புத்தகத்தை இழந்தவர்கள் முதலில் காவல் நிலையத்தில் புகார் பதிந்து சான்று வாங்கி, மாற்று ஆவணம் கேட்க வேண்டும்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் உதவும். கட்டணம் 10 ரூபாய், பதில் தரக் கெடு 30 நாள். கேள்வி குறுகலாக இருக்கட்டும்: ஷீட் ரோலின் சான்றிட்ட நகல், இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரையிலான பார்ட் டூ ஆர்டர் பதிவுகள், அவ்வளவுதான். ஏன் தரவில்லை என்று கேட்பது தகவல் கேட்பதாகாது. பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருந்து அழித்துவிடுவார்கள். லாங் ரோல் என்ற பேரேட்டில் சில வரிகள் மட்டும் மிஞ்சும். அப்படி ஒரு பதில் வந்தால் அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். அதோடு வீட்டில் உள்ள பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அரசு வழங்கிய பதக்கங்களில் பெரும்பாலும் எண், தரம், பெயர் ஆகியவை விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் தெளிவான புகைப்படம் நல்ல சாட்சி. விளிம்பு வெறுமையாக இருந்தால் அது கடையில் வாங்கிய நகலாக இருக்கலாம். அதைச் சாட்சியாக இணைக்க வேண்டாம். கிடைத்துத் தொலைந்த பதக்கத்துக்கு மாற்றுக் கேட்பது வேறு மனு. இரண்டையும் கலக்கக் கூடாது.

வீரதீர விருதுகளில் வேலை சுலபம், பலன் பெரிது. சேனா மெடல் வரை எல்லாமே இந்திய அரசிதழில் வரும். அந்த அறிவிக்கையின் எண்ணும் தேதியும் கிடைத்தால் வேறு சாட்சி தேவையில்லை. வீரச்செயலுக்கான விருதுக்கு மாதப்படி உண்டு. பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்கான முன்னுரிமை வரிசையில், விருது பெற்றவர்களின் வாரிசுகள் மற்ற முன்னாள் படைவீரர்களின் வாரிசுகளுக்கு முன்னால் வருகிறார்கள். மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ் (போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடும் சிறப்பு) பெற்றவர்களும் அந்த வரிசையில் அடக்கம். இது பல குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது. சாதாரணச் சேவைப் பதக்கத்துக்குப் பணம் எதுவும் கிடையாது. ஆனாலும் அது அவருக்கு உரியது, அவர் பெயரில் இருக்க வேண்டியது.

கணவர் இறந்துவிட்டால் மனைவி கேட்கலாம். இறப்புச் சான்றும், குடும்ப பென்ஷன் ஆணையும் சேர்க்க வேண்டும். ரெக்கார்ட் ஆபீசின் பதிவில் மனைவி பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் பதக்க மனு நகராது.

டெல்டா மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கோரிக்கை. முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டங்களில் இதற்கென ஒரு மேசை போட்டு, வருகிறவர்களின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதக்கப் பக்கத்தைப் பணிக்கால தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பத்து நிமிட வேலை. எண்பதை நெருங்குகிறவர்களுக்கு முதல் வரிசை கொடுங்கள்.

இப்படிக்கு,
படைப்பிரிவு ஆவண எழுத்தர்களாக இருந்து ஓய்வு பெற்ற இருவர்,
மன்னார்குடி