ஒளியால் இயங்கும் ஊக்கிகளும் வன்னியின் பசளையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

செப்பு நனோ துணிக்கைகளின் (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துணிக்கைகளின்) மீது ஒளியைப் பாய்ச்சி, யூரியாப் பசளையின் மூலப்பொருளான அமோனியாவைப் பெறலாம் என்றும், அதனால் வட இலங்கையின் வன்னி விவசாயிகளின் யூரியாத் தட்டுப்பாடு விரைவில் நீங்கிவிடும் என்றும் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான கட்டுரை கூறியது. அது அடிப்படையிலேயே தவறானது.

கட்டுரை சுட்டும் ஆய்வை 2022இல் வெளியிட்டது அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நயோமி ஹாலாஸ், பீற்றர் நோர்ட்லாண்டர் ஆகியோரின் குழு. செப்பும் இரும்பும் சேர்ந்த ஊக்கியின் (வினையை விரைவுபடுத்தும் பொருளின்) மீது எல்.ஈ.டி விளக்கின் ஒளி பட்டபோது அமோனியா நைதரசனாகவும் ஐதரசனாகவும் பிரிந்தது. அங்கே அமோனியா உருவாக்கப்படவில்லை, உடைக்கப்பட்டது. அவர்கள் நாடியது ஐதரசன் எரிபொருளையே.

அந்த ஆய்வு அருமையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. செப்பின் இலத்திரன்கள் ஒளியோடு ஒத்திசைந்து அலைவதால் துணிக்கை ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது. அச்சக்தியைப் பெறும் இரும்பின் மேற்பரப்பில் பிணைப்புகள் உடைகின்றன. நனோ அளவிலான பொன்னுக்கு நிறம் தருவதும் இத்தகைய அலைவுதான். கொதிக்கும் பொன் குளோரைட்டுக் கரைசலில் சோடியம் சித்திரேற்றைச் சேர்த்தால் வெளிர்மஞ்சள் மறைந்து, கருமை படர்ந்து, சில நிமிடங்களில் மாதுளைச் சாறு போலச் சிவந்துவிடும். ஒளியால் இயங்கும் இவ்வூக்கிகளில் வினையை விரைவுபடுத்துவது கிளர்ந்த இலத்திரன்களா, ஒளியால் எழும் வெப்பமா என்ற விவாதம் ஆய்வாளரிடையே இன்னும் ஓயவில்லை.

ஊக்கி வினையை விரைவுபடுத்துமேயன்றிச் சமநிலையை, அதாவது வினை எவ்வளவு தூரம் நடந்து நிற்கும் என்பதை, மாற்றாது என்பதை உயர்தர மாணவர்களும் அறிவர். தொழிற்சாலைகளில் அமோனியாவை உருவாக்கும் ஏபர் முறையில் 400 முதல் 500 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் 200 வளிமண்டலம் வரையான அமுக்கமும் தேவைப்படுவது வீணாக அன்று. ஒளியைக் கொண்டு நைதரசனை அமோனியாவாக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. ஆயினும் ஒரு வயலுக்குப் போதுமான பசளையைத் தரும் நிலையை அவை எட்டவில்லை.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, வெளிறிய பயிரைப் பார்த்தபடி வரம்பில் நின்றவர்கள் எங்கள் ஊர் மக்கள். பசளை பற்றி வரும் ஒவ்வொரு வரியையும் அவர்கள் நம்பிக்கையோடு வாசிக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. இத்தகைய கட்டுரைகளை அச்சிடுமுன் அங்குள்ள விரிவுரையாளர் ஒருவரிடம் காட்டுவது கடினமன்று. இத்திருத்தத்தைக் கட்டுரை வெளியான அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இரசாயனவியல் ஆசிரியர்,
கிளிநொச்சி.